மச்சானுக்குத் தடி பிடித்த கதை

என் தங்கை என்னைப் புகழ்ந்தது என் ஐம்பத்து நான்கு வருட வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் நான் பயந்தாங்கொள்ளி என்பதற்காக.

“அண்ணா, உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்தானே?” என்று சிட்னியிலிருந்து தொலைபேசியில் கேட்டாள்.

நான் மெல்பேர்னில், ட்ருகனினா வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். என்ன வரப்போகிறதோ என்று பயந்து கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “ஓம்” என்றேன்.

“அதுதான் எடுத்தனான். இவர் ஆபிரிக்காவுக்குப் போகப் போறாராம். மானடிக்க. சொன்னாக் கேக்கிறார் இல்லை. நீங்களும் கூடப் போங்கோ. துணிஞ்ச ஆள் ஆரையும் கூட்டிக்கொண்டு போனா ரெண்டு பேருமாச் சேந்து சிங்கத்துக்குக் கிட்டப் போய் நிண்டு படம் எடுப்பினம். நீங்கள் எண்டா வாகனத்தை விட்டே இறங்கமாட்டியள். அவரையும் இறங்க விடமாட்டியள்.”

அவள் சொன்ன ‘இவர்’ அவளுடைய கணவர், என் மச்சான். சிட்னியில், செவன் ஹில்ஸில் குளிர்ப்பெட்டி திருத்தும் பட்டறை வைத்திருக்கிறான். கிழமை நாட்களில் இறைச்சிக் கடைகளின் குளிர் அறைகளைத் திருத்துவான். சனிக்கிழமைகளில் துவக்குச் சுடும் கழகத்துக்குப் போவான். வருடத்தில் இரண்டு மூன்று தடவை தூரத்துப் பண்ணைகளுக்குப் போய், பண்ணைக்காரருக்குத் தொல்லையாகிப்போன காட்டு ஆடுகளையும் பன்றிகளையும் சுட்டுவிட்டு, பெட்டி நிறைய இறைச்சியோடு வருவான். அவனுடைய அப்பா மன்னாரில் லைசன்ஸ் துவக்கு வைத்திருந்தவர். எங்கள் பக்கத்தில் சண்டை பெருக்க முன்பே அவன் படிக்கவென்று சிட்னிக்கு வந்துவிட்டான். ஆகவே அவனுக்குத் துவக்கு என்றால் அப்பா, விடுமுறை, பன்றி இறைச்சி. நான் பிந்தி வந்தவன். எனக்குத் துவக்கு என்றால் வேறு.

போகமாட்டேன் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் வேலை செய்யும் பொருட்களஞ்சியத்தில் மனேஜர், சேர்ந்துபோன லாங் சேர்விஸ் லீவை எடு எடு என்று ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். என் மனைவியோ பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

“போட்டு வாங்கோ,” என்றாள். “லீவெண்டு வீட்டில இருந்து என்னைக் கலைச்சுத் திரியிறதுக்கு, அங்க போய் மானைக் கலைக்கலாம்.”

ஆயத்தங்களுக்காக நான் ஒன்பது மணிநேரம் வாகனம் ஓட்டிச் செவன் ஹில்ஸுக்குப் போன முதல் சனிக்கிழமை, மச்சான் என்னைக் கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். தேநீர் ஊற்றி இடது கையால் நீட்டினான். மச்சானுக்கு மரியாதை குறைவு என்பது எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். ஆனால் இடக்கையால் தருகிற அளவுக்கு இல்லை.

“என்னடா இது, இடக்கையால தாறாய்?”

அவன் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தான். சும்மா வைத்த கை. அது பழைய குளிர்ப்பெட்டி மோட்டார்போல விடாமல் நடுங்கியது. மேசையில் கிடந்த திருகாணிகள் கிலுகிலுத்தன.

“பார்க்கின்சனாம். சும்மா இருக்கேக்க ஆடும். ஏதும் வேலையாப் பிடிச்சா நிண்டுடும். இப்போதைக்கு நிக்குது. போகப்போக அதுக்கும் நிக்காதாம்.”

“தங்கச்சிக்கு?”

“தெரியாது. நீ சொன்னாயெண்டா உன்னைக் குளிர் அறைக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு நான் மீன் வாங்கப் போயிடுவன்.”

நான் ஏதாவது பகிடி சொல்லப் பார்த்தேன். அதற்குள் அவனே தொடர்ந்தான்.

“இந்த வருசத்தோட லைசன்ஸை நானே கொண்டுபோய்க் குடுக்கப் போறன். டொக்டர் எழுதி, பொலிஸ் வந்து கேட்டு, அப்பிடியெல்லாம் வேண்டாம். அதுக்கு முதல் ஒருக்கா. சின்ன வயசில இருந்து ஆசைப்பட்ட ஒரே ஒரு மிருகம். ஒரே வெடி. நிண்ட இடத்தில விழோணும். காயத்தோட ஓடிப்போய் எங்கேயும் பத்தைக்குள்ள கிடந்து துடிச்சுதெண்டா, மச்சான், மிச்சக் காலம் முழுக்க நான் அதைத்தான் நினைச்சுக்கொண்டு இருப்பன்.”

அவன் ஆசைப்பட்ட மிருகம் கூடூ. ஆபிரிக்காவின் பெரிய மான்களில் ஒன்று. என் நெஞ்சுக்கு மேலே அதன் முதுகு வரும். விலாவில் யாரோ சுண்ணாம்பு தொட்டு இழுத்ததுபோல வெள்ளைக் கோடுகள். கொம்பு இரண்டும் முறுக்கி முறுக்கி வானத்துக்குப் போகும். நத்தார்ப் பண்டிகைக்கு என் மனைவி பிழிகிற முறுக்கு ஒருநாளும் அத்தனை ஒழுங்காக வந்ததில்லை.

“நீ பக்கத்தில நிண்டு என்ர கையைப் பார்,” என்றான் மச்சான். “சரியில்லையெண்டு கண்டா, வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நான் சுடமாட்டன். ஏன் எதுக்கெண்டும் கேக்கமாட்டன்.”

“என்னை நம்பியோ?”

“எப்பவும் பகிடி விடுற ஆள் ஒருநாள் பகிடி விடாமல் ஒரு சொல்லுச் சொன்னா நம்பலாம்.”

அப்படித்தான் நான் வேட்டைக்காரனானேன்.

ஆபிரிக்கக் காட்டில் நின்றபடிதான் சுடவேண்டுமாம். அதற்காக மூன்று நீளத் தடிகளை மேலே சேர்த்துக் கட்டி, கீழே விரித்து ஊன்றி, அந்தக் கட்டில் துவக்குக் குழலைச் சாய்த்துக்கொள்வார்கள். நான் களஞ்சியத்திலிருந்து நிலம் கூட்டும் தும்புத்தடிகள் மூன்று கொண்டுபோய், பெட்டி கட்டும் பட்டியால் கட்டிக் கொடுத்தேன். வீட்டு முற்றத்தில் துவக்கு எடுக்கச் சட்டம் விடாது. ஆகவே மச்சான் மொப் தடியைத் தோளில் வைத்து, கயிற்றில் காய்ந்த தங்கையின் நைட்டியில் இருந்த பெரிய செவ்வந்திப் பூவுக்குக் குறி பார்த்தான். நான் முன்னால் குந்தியிருந்து தடிகளை அசையாமல் பிடித்தேன். பக்கத்து வீட்டு லெபனான்காரர் வேலிக்கு மேலால் வெகுநேரம் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். மொப் அசையவில்லை. மச்சானின் கையும் அசையவில்லை. இரண்டு பேருக்கும் பெருமை.

உண்மையான துவக்கோடு பழகுவதற்கு மூன்று சனிக்கிழமைகள் துவக்குக் கழகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். நான் முதல் சனி காதுக்குள் குத்துகிறது என்றேன். இரண்டாம் சனி முதுகுப் பிடிப்பு. மூன்றாம் சனி சொல்ல நோய் வருத்தம் ஒன்றும் மிஞ்சவில்லை. வாகனத்தில் சாமான் இருக்கிறது, களவு போய்விடும் என்றேன். மூன்று நாளும் கழகத்துக் கன்டீனில் இருந்து பாணுக்குள் சொசேஜ் வைத்துத் தின்றேன். வெளியே வெடி கேட்கும்போதெல்லாம் தக்காளி சோஸ் போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “பயந்தாங்கொள்ளி” என்று மச்சான் சிரித்தான். நானும் கூடச் சிரித்தேன். சிரிப்பு எனக்கு நல்ல ஒளிவிடம்.

ட்ருகனினாவில் என்னுடைய ஆயத்தம் உடுப்போடு நின்றது. காக்கிக் காற்சட்டை, காக்கிச் சட்டை, கணுக்காலுக்கு மேலே வரும் சப்பாத்து எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். மனைவி வந்து மேலும் கீழும் பார்த்தாள்.

“மன்னார் பஸ்ஸோ, தலைமன்னார் பஸ்ஸோ?” என்றாள். “ஒரு டிக்கெட் தாங்கோ.”

சப்பாத்தைப் பழக்க வேண்டும் என்று தினமும் பின்னேரம் புது வீடுகளுக்கு நடுவே நடந்தேன். கால் கொப்புளித்ததுதான் கண்ட பலன்.

இதற்கிடையே இன்னொரு பிழை நடந்தது. வேட்டை என்று சொல்ல வெட்கப்பட்டு, ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் என் மனைவி, “இவர் ஆபிரிக்காவுக்குப் போறார்” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டாள். எங்கள் ஆட்கள் ஒருவன் பயணம் போகிறான் என்றால் வெறுங்கையோடு போக விடுவார்களா? ஆபிரிக்காவுக்கு மனிதர் ஊழியம் செய்ய அல்லாமல் வேறு எதற்குப் போவார்கள் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு ஒரு அன்ரி அறுபது செபமாலைகள் கொண்டுவந்தா. இன்னொரு அங்கிள் அப்பியாசக் கொப்பிகளும் பென்சில் பெட்டிகளும் ஒரு மூட்டை. “தம்பி, நல்ல காரியத்துக்குப் போறீர். ஆண்டவர் உம்மை ஆசீர்வதிப்பார்,” என்று தலையில் கை வைத்தார். மான் சுடப் போகிறேன் அங்கிள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜொஹனஸ்பேர்க் விமான நிலையத்தில் அதிகாரி என் பெட்டியைத் திறந்து, செபமாலைகளையும் கொப்பிகளையும் அடியில் கிடந்த மிளகாய்த்தூளையும் கிண்டிப் பார்த்துவிட்டு, “நீங்கள் பாதிரியாரா?” என்று கேட்டார். “இல்லை, வேட்டைக்காரன்,” என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடித் தந்தார்கள்.

அங்கிருந்து வடக்கே ஐந்து மணிநேர ஓட்டம். வேட்டை முகாம் ஒரு பெரிய பண்ணைக்குள் இருந்தது. செம்மண், முள்மரம், ஓலை வேய்ந்த குடில்கள். எங்களுக்கு இரண்டு பேர். ஒருவர் வேட்டை வழிகாட்டி. சிவந்த முகம், அந்த ஊர்க் குளிர்காலத்திலும் அரைக் காற்சட்டை, முழங்கால் முழுக்க முள் கீறல். மற்றவர் தடம் பார்ப்பவர். அந்த ஊர்க்காரர், என் வயதுக்காரர், மெலிந்தவர், ஒரு நாளைக்கு எண்ணிப் பத்துச் சொல் பேசுவார். இரண்டு பேரோடும் ஆங்கிலம்தான். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன். துவக்கு முகாமுடையது. முதல் நாள் மச்சான் அதை ஒரு அட்டையில் சுட்டுப் பார்த்தபோது நான் சமையல்காரருக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

தடம் பார்ப்பவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் இருபது வருடமாகப் பெட்டிகளின் கோடுகளுக்கு ஸ்கேனரைக் காட்டி, எந்தப் பெட்டி எப்போது எந்தப் பக்கம் போனது என்று சொல்பவன். அவர் குனிந்து ஒரு புழுக்கையை விரலால் நசுக்குவார். மடங்கிய புல்லைப் பார்ப்பார். பிறகு கையைக் காட்டுவார். அந்தப் பக்கம் போனால் மிருகம் நின்றுவிட்டுப் போன இடம் இன்னும் சூடாக இருக்கும். இரண்டாம் நாள் அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று தெரிந்ததும் கொப்பி மூட்டையை அப்படியே தூக்கிக் கொடுத்தேன். கொப்பிகளை வைத்துக்கொண்டு செபமாலைகளை மரியாதையாகத் திருப்பித் தந்தார். “எங்கள் சபையில் இது இல்லை. ஆனால் அந்தச் சிவப்புத் தூள் இன்னும் இருக்கிறதா?” என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம்.

மூன்றாம் நாள் காலை அது நடந்தது.

ஒரு வறண்ட ஓடைக்கு அந்தப் பக்கம், நூறு அடிக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில், கூடூ ஒன்று பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்து பக்கவாட்டாக நின்றது. கிழட்டு ஆண். கொம்பு முதலில் தெரிந்தது, பிறகுதான் மரம் எது மான் எது என்று பிரிந்தது. தடம் பார்ப்பவர் தடிகளை ஊன்றினார். கல்லுத் தரை, ஒரு கால் வழுக்கியது. மச்சான் திரும்பி என்னைப் பார்த்துத் தடியைக் காட்டினான். முற்றத்தில் மொப்போடு பழகிய அதே மாதிரி. நான் போய் முன்னால் குந்தியிருந்து தடிகளை இரண்டு கையாலும் பிடித்தேன். குழல் என் தலைக்கு மேலே வந்து அமர்ந்தது.

அண்ணாந்து பார்த்தேன். குழலின் நுனி ஆடிக்கொண்டிருந்தது. சின்ன வட்டம், நிற்காத வட்டம். மச்சானின் கை எனக்கு முழுதாகத் தெரியவில்லை. நுனி தெரிந்தது. இந்த நிலையில் சுட்டால் குண்டு வயிற்றில் படும், அல்லது காலில் படும். கராஜுக்குள் அவன் சொன்னது ஞாபகம் வந்தது.

“வேண்டாம் மச்சான்,” என்றேன்.

அவன் உடனே துவக்கை எடுத்துவிட்டான். அந்தச் சின்னச் சத்தத்துக்கே கூடூ ஒரு தாவலில் மறைந்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. சொன்னபடியே நடந்துகொண்டான். ஜீப்பில் திரும்பி வரும்போது இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு இருந்தான். மத்தியானம் வழிகாட்டியிடம், தனக்கு இனி வேட்டை போதும், மிச்ச நாட்களை முகாமிலேயே கழிக்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

நாலாம் நாள் முழுக்க அவன் ஒரு கதிரையை மரத்துக்குக் கீழே போட்டு, காட்டுக்கு முதுகு காட்டி இருந்தான். நான் சுற்றிச் சுற்றி வந்து பகிடி விட்டேன். முகாமில் திரிந்த கினிக்கோழியைக் காட்டி, “இதையாவது அடிப்பமோ?” என்றேன். அவன் சிரித்தான். எனக்காகச் சிரித்த சிரிப்பு அது. நான் நல்ல காரியம்தான் செய்தேன் என்று எனக்கு நானே நூறு தரம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் தடம் பார்ப்பவர் ஜீப் கொட்டிலுக்குப் பின்னால் என்னைச் சைகையால் கூப்பிட்டார். மூன்று தடிகளையும் ஊன்றி வைத்திருந்தார். மேலே ஒரு நீளக் கம்பை வைத்து, அதன் பின்முனையை ஜீப்பின் மூடியில் சாய்த்தார். “பிடியுங்கள்,” என்றார். பிடித்தேன். கம்பு அசையவில்லை.

பிறகு கம்பை எடுத்துவிட்டுத் துவக்கைக் கொண்டுவந்தார். திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று எனக்குக் காட்டினார். கம்பு இருந்த இடத்தில் அதை வைத்து, பின்பக்கத்தை ஜீப்பின் மூடியில் சாய்த்துவிட்டுக் கையை எடுத்தார். “இப்போது பிடியுங்கள்.”

நான் குந்தியிருந்து பிடித்தேன். அண்ணாந்து பார்த்தேன். துவக்கை யாருமே தொடவில்லை. குழலின் நுனி ஆடியது. சின்ன வட்டம், நிற்காத வட்டம்.

“அன்றைக்கும் இதுதான்,” என்றார். “நான் அவருடைய கையைப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.”

“பிறகு ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?”

“நீங்கள் உங்கள் மொழியில் அவருக்கு ஏதோ சொன்னீர்கள். அவர் துவக்கை எடுத்துவிட்டார். குடும்ப விஷயமாக்கும் என்று நினைத்தேன்.”

நான் தடிகளை விட்டுவிட்டு நிலத்தில் இருந்தேன். என் கைகளைப் பார்த்தேன். வாழ்க்கை முழுக்க என்னோடு இருந்த கைகள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு மனிதனின் கடைசி ஆசையை ஆட்டிக் கெடுத்துவிட்டன.

மச்சானிடம் சொல்லாமலே விடலாமா என்று யோசித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு நாளில் ஊருக்குப் போகலாம். நான் அவனைக் காப்பாற்றியவனாகவே இருக்கலாம். அப்படி ஒரு அரைமணி நேரம் அந்தக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்தேன். மரத்துக்குக் கீழே அவன் முதுகு தெரிந்தது. தன் கை போய்விட்டது என்று நம்பி இருக்கிற முதுகு. எழும்பிப் போனேன்.

“மச்சான், உன்ர கை ஆடேல்லை.”

“சும்மா விடு. நீயே கண்டு சொன்னனீ.”

“நான் கண்டது குழல் நுனியை. அதை ஆட்டினது நான். தடி பிடிச்சுக்கொண்டு இருந்த நான்தான் நடுங்கினனான்.”

அவன் மெதுவாகத் திரும்பினான். நான் கொட்டிலுக்குப் பின்னால் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் குனிந்து காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினான். நான் விலகினேன். சப்பாத்து கினிக்கோழிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. கோழி என்னைவிடத் துணிச்சலாக அதைக் கொத்திப் பார்த்தது.

“ரெண்டு நாளா நான் இந்தக் கதிரையில இருந்து என்ர கையைத் திட்டிக்கொண்டிருக்கிறன்! மொப்புக்கு நடுங்காத நீ, இதுக்கு ஏன்டா நடுங்கினாய்?”

“மொப் சுடாது.”

“ரேஞ்சுக்கு மூண்டு தரம் கூட்டிக்கொண்டு போனனே!”

“கன்டீனுக்குள்ளதானே இருந்தனான்.”

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு ஒரு பகிடி தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

“எனக்குப் பத்தொன்பது வயசு. சோதனைச் சாவடி. துவக்கு முனையை என்ர நெத்தியில வைச்சுக்கொண்டு ஒருத்தன் என்ர அடையாள அட்டையை வாசிச்சான். ஆள் வாசிக்கிறதில கொஞ்சம் மந்தம். எழுத்துக் கூட்டிக் கூட்டி முன்பக்கம் வாசிச்சு, பின்பக்கம் வாசிச்சு, திரும்பவும் முன்பக்கம். பிறகு போ எண்டான். அவ்வளவுதான். ஒண்டும் நடக்கேல்லை. ஒண்டும் நடக்காத கதையை ஆருக்குச் சொல்லுறது?”

மச்சான் ஒற்றைச் சப்பாத்தோடு நடந்துபோய் மற்றதை எடுத்துப் போட்டுக்கொண்டான். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான். இந்தத் தடவை காட்டைப் பார்த்து.

“இதை முதலே சொல்லியிருந்தா,” என்றான், “அந்தக் கன்டீன்காரனுக்குச் சொசேஜாவது மிஞ்சியிருக்கும்.”

அன்று பின்னேரமே வழிகாட்டியிடம் போய் நாளைக்கு வருகிறேன் என்று சொன்னான். வழிகாட்டி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, “தடி யார் பிடிப்பது?” என்று கேட்டார். நானும் மச்சானும் ஒரே நேரத்தில் தடம் பார்ப்பவரைக் காட்டினோம்.

ஆறாம் நாள் காற்று பிழையான பக்கம் அடித்தது. எங்கள் மணத்தைப் பிடித்துக்கொண்டு எல்லா மிருகங்களும் எங்களுக்கு முன்னால் ஓடின. பின்னேரம் வெறுங்கையோடு திரும்பும்போது மச்சானின் கை மடியில் கிடந்து ஆடியது. அவன் அதை ஒளிக்க மறந்திருந்தான், அல்லது களைத்துவிட்டான். மிச்சம் ஒரு காலைதான்.

ஏழாம் நாள் விடியற்காலை அதே ஓடைப்பக்கம் போனோம். என்னைப் பத்து அடி பின்னால் நிறுத்திவைத்தார்கள். செவிக்கு அடைப்பான் தந்தார்கள். ஒரு மணிநேரம் நடந்தபின் தடம் பார்ப்பவர் நின்றார். எனக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு காது அசைந்தது. காதுக்குப் பின்னால் கழுத்து, கழுத்துக்கு மேலே அந்தக் கொம்பு. இலை தின்றுகொண்டு நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டிறைச்சிக் கறியை மேலதிகமாக ஒரு கரண்டி போட்டுச் சாப்பிடுகிறவன் நான். அந்த ஆடுகளில் ஒன்றின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இதன் முகத்தைப் பார்த்தேன். ஓடிவிடு என்று மனது சொன்னது. நில், அசையாமல் நில் என்றும் அதே மனதுதான் சொன்னது. மச்சான் பக்கம் நிற்பதா, மான் பக்கம் நிற்பதா என்று தெரியாமல் பத்து அடி பின்னால் நின்றேன்.

தடி ஊன்றியாகிவிட்டது. மச்சான் குழலைச் சாய்த்தான். இந்தத் தடவை என் கண் நுனிக்குப் போகவில்லை. நேரே கைக்குப் போனது. அது அசையவில்லை. அவன் அரைவாசி திரும்பி என்னைப் பார்த்தான். பேசிக்கொண்டபடி, என் சொல்லுக்காக.

நான் தலையை ஆட்டினேன். சுடு.

வெடி கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. நான் செம்மண்ணில் குப்புறக் கிடந்தேன், கை இரண்டும் தலைக்கு மேலே. இன்னொரு வெடி வரும் என்று காத்திருந்தேன். இன்னொரு வெடி வந்தால் முதலாவது பிழை, மிருகம் காயத்தோடு ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு எறும்பு என் மூக்கில் ஏறி இறங்கிப் போனது. இன்னொரு வெடி வரவில்லை.

“எழும்பு மச்சான்,” என்று மேலே குரல் கேட்டது. “நிண்ட இடத்திலதான் விழுந்தது. நீயும்தான்.”

போய்ப் பார்த்தோம். தன் காலடித் தடத்தின் மேலேயே பக்கவாட்டாகக் கிடந்தது. வாயில் பாதி மென்ற இலை இருந்தது. வழிகாட்டி தொப்பியைக் கழற்றினார். தடம் பார்ப்பவர் அதன் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இறைச்சி பண்ணையில் வேலை செய்கிற குடும்பங்களுக்குப் போகும் என்றார். கொம்போடு நின்று படம் எடுப்போமா என்று வழிகாட்டி கேட்டபோது மச்சான் பிறகு என்று கையைக் காட்டிவிட்டு, அதன் கழுத்துப் பக்கம் நிலத்தில் இருந்தான். துவக்கை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டான். வெறுங்கையாகியதும் வலது கை நடுங்கத் தொடங்கியது. முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு. மானின் கழுத்து மயிரில் அதை வைத்தான். அங்கேயும் ஆடியது. வழிகாட்டி பார்த்தார், தடம் பார்ப்பவர் பார்த்தார். இந்தத் தடவை மச்சான் அதைப் பைக்குள் ஒளிக்கவில்லை.

தண்ணீர்ப் போத்தலை எடுத்தான். மூடியைப் பிடித்துத் திருகப் பார்த்தான், இப்போது வேலைக்கும் கை நிற்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் அதை என்னிடம் நீட்டினான்.

“திறந்து தா, மச்சான்.”

வாங்கித் திருகினேன். ஒருதரம், இரண்டுதரம். என் விரல்கள் மூடியில் கிடந்து கிடுகிடுவென்று அடித்தனவே தவிர மூடி அசையவில்லை. மச்சான் அதைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான், கண்ணில் தண்ணீர் வரும்வரை. கடைசியில் தடம் பார்ப்பவர்தான் போத்தலை எங்களிடமிருந்து வாங்கித் திறந்து, முதலில் அவனுக்கும் பிறகு எனக்கும் குடிக்கத் தந்தார்.